மஞ்சள் காருக்கு யார் பெயரில் அர்ச்சனை?

மலேசியாவின் கிள்ளானில் திருச்செல்வம் என்று பெயர் சொல்லிக் கேட்டால் பலருக்கும் தெரியாது. ‘வெள்ளைக் கார் அண்ணன்’ என்றால் உடனே கை காட்டுவார்கள். கல்யாணத்துக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போகும் நீளமான வெள்ளைக் கார் அவருடையது. அதற்கு முன் பள்ளி வேன் ஓட்டினார், தொழிற்சாலை பஸ் ஓட்டினார். மனைவி மாதவிக்கு ஜாலான் தெங்கு கிளானா தெருவில் பூக்கடை. ஒரு நாள் அவள் கடையில் மாலை வாங்க வந்தவர்களுக்கு ஏற்பாடு செய்திருந்த கார் வராமல் போனது. பக்கத்தில் நின்ற திருச்செல்வத்தின் காரில் அவசரமாகப் பூ சுற்றி அனுப்பினாள். அப்படித்தான் இந்தத் தொழில் தொடங்கியது.

அவர் பயந்த மனிதர். மழை பெய்தால் ஓரமாக நிறுத்திவிடுவார். லோரிக்குப் பின்னால் போக மாட்டார், லோரியை முந்தவும் மாட்டார். ‘இந்த வேகத்துல போனா பொண்ணுக்குப் பேரன் பிறந்துருவான் அண்ணே’ என்று மாப்பிள்ளைத் தோழர்கள் கிண்டல் செய்வார்கள். ஆனால் பெண்ணைப் பெற்ற அப்பாக்களுக்கு அந்தப் பயம் பிடித்திருந்தது. அவர்கள் பெண்ணைத் தைரியமாக அவர் காரில் ஏற்றினார்கள்.

இப்போது அப்பாக்கள் கார் பார்ப்பதில்லை. கல்யாணம் செய்துகொள்கிற பிள்ளைகளே கைப்பேசியில் பார்த்து முடிவு செய்கிறார்கள். “அண்ணே, ஸ்போர்ட்ஸ் கார் இருக்கா?” என்று கேட்பார்கள். இல்லை என்றால், “ஓகே லா அண்ணே, தேங்க்யூ” என்று வைத்துவிடுவார்கள். அந்த மரியாதையான ‘தேங்க்யூ’வுக்குத் திட்டே தேவலை என்று அவருக்குத் தோன்றும். இப்படியே போனால் வெள்ளைக் காரை வாசலில் நிறுத்திவிட்டு மறுபடி பஸ் ஓட்டப் போக வேண்டியதுதான்.

அந்த நேரத்தில்தான் பரமேஸ்வரன் வந்தார். எல்லாரும் பரமு என்று கூப்பிடுகிற தரகர். வாய் நிறையப் பேச்சு, சட்டையில் எப்போதும் வாசனை. அவர் கொண்டுவந்தது இரண்டு கதவு, இரண்டே இருக்கை உள்ள மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார். தெருவில் திரும்பும்போதே பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள்.

“இத வாங்க வேணாம் பாஸ். லீஸ் மாதிரி வச்சுக்குங்க. பேரு மாத்துற வேலையே இல்ல. மாசாமாசம் கட்டுனா போதும், கார் உங்ககிட்டயே இருக்கும்.”

“சம்போங் பாயாரா?” என்று கேட்டார் திருச்செல்வம். ஒருவர் பெயரில் கடன் உள்ள காரை இன்னொருவர் எடுத்து ஓட்டிக்கொண்டு தவணையைத் தொடர்ந்து கட்டுவதற்கு ஊரில் அதுதான் பெயர். செய்தவர்கள் நிறைய. செய்து மாட்டிக்கொண்டவர்களும் நிறைய.

“சேச்சே, அப்படி அசிங்கமா சொல்லாதீங்க. ஓனர் வெளிநாட்டுல இருக்காரு. எல்லாம் கரெக்டா கட்டியாச்சு. ஒரு வாரம் சும்மா ஓட்டிப் பாருங்க. பிடிச்சா திங்கக்கிழமை கையெழுத்து. பிடிக்கலன்னா சாவியத் திருப்பிக் குடுங்க.”

போவதற்கு முன், கூடத்தில் சாய்த்து வைத்திருந்த பெயர்ப் பலகைகளைப் பரமு பார்த்தார். கல்யாணக் கார்களில் எண் பலகைக்கு மேல் மணமக்கள் பெயர் எழுதிக் கட்டுவார்களே, அந்தப் பலகைகள்.

“இது பிளேட்ட முழுசா மறைச்சிருமா பாஸ்?”

“மறைச்சிரும்.”

“ரெண்டு பக்கமும் கட்டுங்க. கல்யாணம் இல்லாத நாள்ல கவர் போட்டு மூடி வைங்க, வெயில்ல பெயிண்ட் போயிரும்.”

நல்ல மனிதர், காரின் மேல் எவ்வளவு அக்கறை என்று திருச்செல்வம் நினைத்தார்.

சாயங்காலம் கடையை மூடிவிட்டு வந்த மாதவி காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“இதுல எங்கங்க ஆளு உக்கார்றது?”

“பொண்ணும் மாப்பிள்ளையும்தான். மாப்பிள்ளையே ஓட்டுவாரு. அதான் இப்ப ஸ்டைலு.”

“அப்ப நீங்க?”

“நான் பின்னாலேயே நம்ம வெள்ளைக் கார்ல போவேன்.”

அவள் சிரித்தாள். “சொந்தக் காரு முன்னால ஓடும், சொந்தக்காரரு பின்னால துரத்துவாரு!”

சொந்தக்காரர் என்ற சொல் அவருக்கு எங்கோ குத்தியது. “ஏறி உக்காந்து பாரு. புடவையோட ஏற முடியுதான்னு பாக்கணும்” என்றார்.

மாதவி ஒரு காலை உள்ளே வைத்தாள். இன்னொரு காலை எப்படிக் கொண்டுபோவது என்று தெரியாமல் கதவைப் பிடித்தபடி நின்றாள். கடைசியில் தொப்பென்று விழுந்தாள். “யம்மா! ரோட்டுலயே உக்காந்த மாதிரி இருக்கு.” அவர் கதவைச் சாத்தினார். திறந்தபோது புடவை ஓரம் கதவிடுக்கில் சிக்கி மசி அப்பியிருந்தது.

“பட்டா இருந்தா இந்நேரம் அந்தப் பொண்ணு அழுதிருப்பா” என்று மாதவி மசியைத் தேய்த்தாள். பிறகு குரலைத் தணித்துக் கேட்டாள். “சரி, ஆடி மாசத்துல என்ன பண்ணுவீங்க?”

“என்னது?”

“ஆடியில நம்ம ஆளுங்க கல்யாணம் பண்ண மாட்டாங்க. மார்கழியிலயும் பண்ண மாட்டாங்க. பேங்க்குக்கு ஆடி, மார்கழி எல்லாம் தெரியுமா?”

அவர் அதை யோசித்திருக்கவே இல்லை. அந்த இரண்டு மாதங்களிலும் வெள்ளைக் கார் வாசலில் நிற்கும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இந்தக் கார் நின்றாலும் தவணை கேட்டு வாயைத் திறந்துகொண்டே நிற்கும். ஆனாலும் அந்த ‘தேங்க்யூ’க்கள் காதில் ஒலித்தன. “ஒரு கல்யாணம் ஓட்டிப் பாப்போம்” என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரம் அவர் தாமானில், தன் குடியிருப்புத் தெருக்களில், நடந்ததெல்லாம் ஒரு நோயாளி நடப்பது போலத்தான் இருந்தது. சாவி சட்டைப் பையில் இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்தார். சாலை மேட்டில் காரின் அடிவயிறு உரசிய சத்தம் அவர் பல்லில் கேட்டது. பூனை ஒன்று கவரின் மேல் படுத்திருந்ததைப் பார்த்துச் செருப்பில்லாமல் ஓடினார். ஒரு மோட்டார் சைக்கிள் வீட்டுமுன் மெதுவாகப் போனால்கூட எழுந்து சன்னலுக்குப் போனார். யாருக்குப் பயப்படுகிறோம் என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை.

பயம் அதிகமானால் அவர் கோயிலுக்குப் போவார். வெள்ளிக்கிழமை காலை மஞ்சள் காரையும் கொண்டுபோனார். புதுக் கார் என்றால் பூசை போடாமல் சாலையில் இறக்குவது நம் வழக்கம் இல்லையே. குருக்கள் குங்குமம் வைக்கக் குனிந்தார், இன்னும் குனிந்தார், கடைசியில் மண்டியிட்டுவிட்டார்.

“என்ன திருச்செல்வம், கார் இவ்வளவு குட்டையா இருக்கு? சரி, யார் பேருக்கு அர்ச்சனை?”

திருச்செல்வம் வாயைத் திறந்தார். அவர் பெயர் வரவில்லை. அது அவர் கார் இல்லை. சொந்தக்காரரின் பெயரும் வரவில்லை. அந்த மனிதரின் பெயரைப் பரமு ஒரு முறைகூடச் சொன்னதில்லை. இவரும் கேட்டதில்லை.

“பேரு, நட்சத்திரம் சொல்லுப்பா.”

“சாமி பேருக்கே பண்ணிருங்க சாமி.”

குருக்கள் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மந்திரத்தைத் தொடங்கினார். சக்கரங்களுக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழங்களில் மூன்று நசுங்கின. நான்காவது நழுவி உருண்டு சாக்கடையில் விழுந்தது. திருச்செல்வம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் தன்னைத் தேற்றிக்கொண்டு, மாலையும் குங்குமமுமாக நின்ற காரைப் படம் எடுத்தார். ‘ஞாயிறு முதல் நம்ம கிள்ளானில்! யுகேந்திரன் – ஷாமினி கல்யாணத்தில் முதல் ஓட்டம்’ என்று எழுதி, மண்டபத்தின் பெயரையும் போட்டு, தொழிலுக்கு வைத்திருந்த பக்கத்தில் ஏற்றினார். எண் பலகை படத்தில் பளிச்சென்று தெரிந்தது. குங்குமம் அதன் நடுவிலேயே வைக்கப்பட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை திருச்செல்வம் மாப்பிள்ளை யுகேந்திரனை மஞ்சள் காரில் மண்டபத்துக்குக் கொண்டுவந்து இறக்கினார். பெண் ஷாமினியை மாதவி வெள்ளைக் காரில் அழைத்து வந்தாள். இளைஞர்கள் மஞ்சள் காரைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். இரண்டு பேர் அங்கேயே அவரிடம் தேதி கேட்டார்கள். அவருக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. உள்ளே நாதஸ்வரம் தொடங்கியதும் எல்லாரும் போய்விட்டார்கள். அவர் மட்டும் காரின் அருகே நின்றார்.

அப்போது மூன்று மோட்டார்கள் உள்ளே வந்தன. ஹெல்மெட்டைக் கழற்றிய ஒருவன் நேராகக் காருக்குப் பின்னால் போனான். குனிந்து, பெயர்ப் பலகையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான். கைப்பேசியைப் பார்த்தான். மறுபடி பலகையை மெதுவாக விட்டான்.

திருச்செல்வத்துக்கு அந்த வாரம் முழுக்க யாருக்குப் பயந்தோம் என்று அப்போது தெரிந்தது.

“அண்ணே, என் பேரு குரு” என்று அவன் கழுத்தில் தொங்கிய அட்டையைக் காட்டினான். தவணை கட்டாத கார்களை வங்கிக்காக இழுத்துக்கொண்டு போகிறவன். “இந்தக் காரத்தான் ரொம்ப நாளா தேடுறோம். கட்டியே பல மாசம் ஆச்சு.”

“கட்டியாச்சுன்னு சொன்னாரே தம்பி… ஓனர் வெளிநாட்டுல…”

“ஓனரு செலாயாங்ல பாசார்ல மீன் வெட்டிக்கிட்டு இருக்காரு அண்ணே. இந்தக் கார்ல அவரு உக்காந்ததே இல்ல. யாரோ கடனுக்கு அவரு பேர மட்டும் வாங்கிக்கிட்டான்.” குரு பலகையைத் தட்டினான். “நல்ல இடத்துலதான் ஒளிச்சு வச்சான். கல்யாணக் கார்ல யாரு நம்பர் பாப்பா? நீங்க மட்டும் பூசை போட்டு படம் போடலன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது.”

பரமு கவர் போட்டு மூடச் சொன்னது, இரண்டு பக்கமும் பலகை கட்டச் சொன்னது, எல்லாம் திருச்செல்வத்தின் தலைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. தன்னிடம் ஏன் கொண்டுவந்தான் என்பதும் புரிந்தது.

“சாவி குடுங்க அண்ணே.”

உள்ளே கெட்டிமேளம் கொட்டியது. அவர் இரண்டு கைகளையும் கூப்பிவிட்டார். “தம்பி, பொண்ணு மாப்பிள்ளை இதுலதான் கிளம்புறாங்க. வெளிய வந்து கார் இல்லன்னா, அந்தப் பொண்ணு முகத்த எப்படிப் பாப்பேன்? வீட்டுல இறங்கட்டும். அப்புறம் எடுத்துக்க. ஓட மாட்டேன்.”

குரு மண்டபத்தின் வாசலைப் பார்த்தான். உள்ளே இருநூறு பேர், ஆளுக்கொரு கைப்பேசி. “இங்க இழுத்தா என் மூஞ்சி நாளைக்கு ஊர் பூரா ஓடும்” என்று தலையைச் சொறிந்தான். “மாப்பிள்ளை வீடு எங்க?”

“சுங்கை வே.”

“ஃபெடரல் ஹைவேயா? கார் போயிருச்சுன்னா எங்க மோட்டாரு எப்படிப் புடிக்கும்? நீங்க என்கூட ஏறுங்க. கார் கைக்கு வர்ற வரைக்கும் நீங்க என்கூடத்தான்.”

மணமக்கள் மாலையும் கழுத்துமாக வெளியே வந்தார்கள். யுகேந்திரன் சாவியைக் கேட்டுக் கை நீட்டினான். திருச்செல்வம் அதை அவன் கையில் வைத்தார்.

“மாப்பிள்ளை, மெதுவா போங்க. நேரா வீட்டுக்குப் போங்க. வேற எங்கயும் திருப்பாதீங்க.”

“அண்ணே, இதுல மெதுவா போனா காருக்கே வெக்கமா இருக்கும்!” என்று அவன் கண்ணடித்தான். பிறகு மூன்று மோட்டார்களையும், அதில் ஒன்றின் பின்னால் ஹெல்மெட் போட்டு ஏறுகிற அவரையும் பார்த்து வாயைப் பிளந்தான். “அட, கான்வாய் வேறயா! சொல்லவே இல்ல!” தோழர்கள் விசிலடித்தார்கள். மாதவி மட்டும் வெள்ளைக் காரின் பக்கத்தில் நின்று அவரையே பார்த்தாள். மாப்பிள்ளையின் அப்பா, அம்மாவை ஏற்றிக்கொண்டு அவள் பின்னால் வர வேண்டும். அவர் அவளுக்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

ஃபெடரல் நெடுஞ்சாலையில் மோட்டார்களுக்குத் தனிப் பாதை உண்டு. பெரிய சாலைக்குப் பக்கத்திலேயே ஓடும். சில இடங்களில் கீழே இறங்கி, சுரங்கம் போல இருண்டு, மறுபுறம் ஏறும். மேலே இருக்கும்போது மஞ்சள் கார் தெரிந்தது. கீழே இறங்கினால் சுவரைத் தவிர எதுவும் தெரியாது. ஒவ்வொரு முறை இருட்டுக்குள் போகும்போதும் திருச்செல்வம் குருவின் சட்டையை இறுக்கிப் பிடித்தார்.

“அண்ணே, சட்ட கிழிஞ்சிரும்!”

“தெரியுதா தம்பி? கார் தெரியுதா?”

“தெரியுது, தெரியுது.”

ஷா ஆலம் தாண்டி மறுபடி இறங்கினார்கள். ஏறி வந்தபோது சாலையில் மஞ்சள் நிறமே இல்லை.

குரு வேகத்தைக் கூட்டினான். முன்னால் போன மற்ற இருவரும் திரும்பிப் பார்த்துக் கையை விரித்தார்கள். திருச்செல்வம் கைப்பேசியை எடுத்து யுகேந்திரனைக் கூப்பிட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். எடுக்கவில்லை. வேகமாக ஓட்டிப் பார்க்கலாம் என்று எங்காவது திருப்பிவிட்டானா? எங்காவது மோதிவிட்டானா? அந்தக் கார் யார் பெயரில் இருக்கிறது, அதற்குக் காப்புறுதி இருக்கிறதா, ஒன்றும் தெரியாது. ஆனால் அதன் சாவியைப் புதுத் தாலியோடு இருந்த ஒரு பெண்ணின் முன்னால் வைத்து, அவளுடைய புருஷன் கையில் கொடுத்தது அவர்தான். இத்தனை வருஷமும் லோரியை முந்தாமல் ஓட்டியது இதற்காகத்தானா என்று நினைத்தபடி இன்னொரு முறை கூப்பிட்டார்.

“அண்ணே, ஏமாத்துறீங்களா?” குருவின் குரல் மாறியிருந்தது.

“சாமி சத்தியமா இல்லப்பா. ஓட்டு. ஓட்டுப்பா.”

பத்து தீகா பக்கம் சாலையோரத்தில் ஒரு பெட்ரோல் நிலையம். அதன் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. திருச்செல்வம் குருவின் தோளில் ஓங்கி அடித்தார். “அங்க! அங்க!”

அடுத்த வழியில் திரும்பி உள்ளே போனார்கள். கார் முழுசாக நின்றது. யுகேந்திரன் முழங்கால் போட்டுக் கதவுக்கு அடியில் எதையோ இழுத்துக்கொண்டிருந்தான். ஷாமினி பாதி உடல் வெளியே சாய்ந்தபடி அழுதுகொண்டிருந்தாள். கூரைப் புடவையின் ஓரம் கதவிடுக்கில் மாட்டியிருந்தது. வெளியே தொங்கிய பகுதி சாலையில் உரசி உரசிக் கறுத்துக் கிழிந்திருந்தது.

“நான் கத்துனேன் அண்ணே, இவருக்கு இன்ஜின் சத்தத்துல கேக்கல” என்று விம்மினாள் ஷாமினி. “கீழ இருந்து என்னை யாரோ இழுக்குற மாதிரி இருந்துச்சு. நான் இதுல ஏற மாட்டேன். சத்தியமா ஏற மாட்டேன்.”

“சாரி லா சயாங், சாரிம்மா” என்று யுகேந்திரன் அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் முகமும் வெளிறியிருந்தது.

திருச்செல்வம் அவளுடைய காலையும் கையையும் பார்த்தார். காயம் இல்லை. அங்கேயே சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் கூப்பிட்டதும், பின்னால் எப்போதும்போல நிதானமாக வந்துகொண்டிருந்த வெள்ளைக் கார் உள்ளே திரும்பியது. மாதவி இறங்கி, ஊசி எடுத்துப் புடவைக் கிழிசலை மடித்துக் குத்தினாள். மாப்பிள்ளையின் அப்பா முன்னால் உட்கார்ந்தார். மாமியார், மருமகள், மகன் மூவரும் பின்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள். மாமியார் ஷாமினியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

“அண்ணே, நீங்க வரலையா?” என்று கேட்டான் யுகேந்திரன்.

“கார்ல சின்னக் கோளாறு. இந்தத் தம்பிங்க பாத்துக்குவாங்க. நீங்க போங்க.”

வெள்ளைக் கார் போன பிறகு அவர் மஞ்சள் காரிலிருந்து பூக்களை அவிழ்த்தார். பின்னால் கட்டியிருந்த பெயர்ப் பலகையை எடுத்தார். எண் பலகையின் நடுவில் வெள்ளிக்கிழமை வைத்த குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது. கைக்குட்டையால் துடைத்தார். சாவியைக் குருவிடம் கொடுத்தார்.

அப்போது கைப்பேசி அடித்தது. பரமு.

“பாஸ்! எப்படி? கார் செம்மையா இருக்கா? நாளைக்குக் கையெழுத்து போட்டுரலாமா?”

திருச்செல்வம் கைப்பேசியைக் குருவின் கையில் வைத்தார்.

“வணக்கம் பாஸ்” என்றான் குரு. மறுமுனையில் உடனே துண்டித்துவிட்டார்கள்.

“வாங்க அண்ணே, இதுலயே வீட்டுல விட்டுர்றேன்” என்று குரு மஞ்சள் காரின் கதவைத் திறந்தான். அந்தத் தாழ்ந்த இருக்கையைப் பார்த்ததுமே அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். “வேணாம் தம்பி. என் வீட்டுக்காரி வந்துருவா.”

மாதவி திரும்பி வரும்வரை, அவர் ‘யுகேந்திரன் – ஷாமினி’ பலகையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கட்டையிலேயே உட்கார்ந்திருந்தார். அவள் வந்ததும் நடந்ததை எல்லாம் சொன்னார். அவள் வழி முழுக்கத் திட்டுவாள் என்று நினைத்தார். அவள் கண்ணாடியைச் சரிசெய்து, ஓரப் பாதைக்கு வண்டியைக் கொண்டுவந்தாள்.

“மண்டபத்துல ரெண்டு பேரு தேதி கேட்டாங்கல்ல?”

“ம்.”

“என்ன சொல்லப் போறீங்க?”

“வெள்ளைக் கார்தான்னு சொல்லுவேன். தேங்க்யூன்னு சொல்லிட்டுப் போகட்டும்.”

கொஞ்ச தூரம் போனதும் பக்கக் கண்ணாடியில் ஒரு மோட்டார் தெரிந்தது. அது நெருங்கி வந்தது. திருச்செல்வத்தின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பையில் சாவி இல்லை. மோட்டார்க்காரன் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர்களைக் கடந்து போனான். ஆனாலும் வீடு வரும்வரை அவர் கையைப் பையிலிருந்து எடுக்கவில்லை.